துண்டுக்குள் இருந்த கழுத்து

அப்பா,

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆள் துண்டு விற்கிறார். தோளில் ஒரு கட்டு, கையில் ஒரு கட்டு. நேற்று தையல் கடையைப் பூட்டிவிட்டு நான் பஸ்ஸுக்கு நின்றபோது என் முன்னால் வந்து ஒரு துண்டைப் படாரென்று உதறிக் காட்டினார். புதுத் துணியின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறியது. "ஈரிழத் துண்டும்மா, அப்பாவுக்கு வாங்கிட்டுப் போங்க" என்றார். அத்தனை பேர் நிற்கிற இடத்தில் அவருக்கு நான்தான் அகப்பட்டேன் பாருங்கள். அப்பா இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அடர்பச்சையில் கறுப்புக் கரை போட்ட ஒன்றை வாங்கிக்கொண்டேன். பேரம்கூடப் பேசவில்லை. நீங்கள் இருந்திருந்தால் "எம் பொண்ணா சொன்ன வெலைக்கு வாங்குனா?" என்று நெஞ்சில் கை வைத்திருப்பீர்கள்.

நீங்கள் வெள்ளைத் துண்டு வாங்கி நான் பார்த்ததே இல்லை. பச்சை, காவி, அரக்கு, எதுவானாலும் கறை தெரியாத நிறமாக இருக்க வேண்டும். கேட்டால், "சுண்ணாம்புக்கல்லு லாரி ஓட்டறவனுக்கு வெள்ள எதுக்குத் தாயி? லாரியே வெள்ளதான்" என்பீர்கள். அது சரியாகத்தான் பட்டது. சுரங்கத்திலிருந்து ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப் போகிற டிரைவர்கள் எல்லோருமே தூசிக்குப் பயந்து துண்டு சுற்றியிருந்தார்கள். ஆனால் மற்றவர்கள் லாரியை விட்டு இறங்கியதும் அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொள்வார்கள். நீங்கள் அவிழ்த்ததில்லை. சாப்பிடும்போதும், மாட்டுக்குத் தவிடு கரைக்கும்போதும், ரேஷன் கடை வரிசையிலும், சித்திரை வெயிலிலும் கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்று, முனையைச் சட்டைக்குள் ஒரு செருகல். உங்கள் துண்டை நீங்களே துவைப்பீர்கள். அம்மா எடுக்கப் போனால் "அத வையி" என்று ஒரு அதட்டல். பம்புசெட்டில் எல்லோரும் குளித்துவிட்டுப் போன பிறகுதான் நீங்கள் குளிக்கக் கிளம்புவீர்கள்.

இதனால் ஊரில் உங்களுக்குத் திமிர் பிடித்தவர் என்று பெயர். துக்க வீட்டுக்குப் போகிற ஆண்கள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வார்கள். கோயிலில் மரியாதை வாங்கப் போகிறவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிய வேண்டும். நீங்களோ துக்க வீட்டுக்குத் தெருவோடு சரி, மரியாதைக்குக் கூப்பிட்டால் ஆளே காணாமல் போய்விடுவீர்கள். ஒரு மாரியம்மன் திருவிழாவுக்குப் பந்தல் சாமான் முழுவதையும் வாடகை வாங்காமல் லாரியில் கொண்டுவந்து இறக்கினீர்கள். அதற்காக மைக்கில் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் அம்மா பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மறுபடியும் கூப்பிட்டார்கள். நீங்கள் ராட்டினத்துக்குப் பின்பக்கமாக நழுவிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். நாட்டாமை மைக்கை அணைக்காமலே, "அவனுக்கு ஆத்தா முன்னாடியே துண்ட எறக்க மனசு வரலபோல" என்றார். கூட்டம் சிரித்தது.

வீட்டுக்கு வந்து நான் ஆடித் தீர்த்துவிட்டேன். "ஏம்ப்பா, ஒரு நிமிஷம் கழட்டுனா என்னவாம்? தல கழண்டு கீழ வுழுந்துருமா?"

"வுழுந்தாலும் வுழும் தாயி, யாரு கண்டா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். அம்மா மட்டும் சிரிக்காமல் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பிறகு எனக்கு நிச்சயமான வருடம். மீன்சுருட்டிப் பக்கத்து மாப்பிள்ளை, சொந்த டிராக்டர், ஆள் பார்க்கவும் நன்றாகவே இருந்தார். தையில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தோம். ஐப்பசி மழையில் எனக்குச் சளி பிடித்தது. சளி போய்விட்டது. இடது தாடைக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில் ஒரு வீக்கம் மட்டும் போகவில்லை. முதலில் கோலிக்குண்டுபோல இருந்தது. கார்த்திகை பிறக்கும்போது எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்துவிட்டது. வலி கிடையாது. தொட்டால் மெத்தென்று இருக்கும், உள்ளே தண்ணீர் கட்டியிருப்பதுபோல நழுவும். அப்போதே நான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன் அல்லவா? அடுத்தவர் கழுத்தை அளக்கிற நாடாவை என் கழுத்தில் தொங்கவிட்டு, அதன் மேல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு திரிந்தேன். உங்கள் பெண் வேறு எப்படி இருப்பாள்?

செந்துறையிலிருந்து அத்தை வந்தார், உங்கள் அக்கா. வந்த கையோடு என் தாடையைத் தூக்கிப் பிடித்து அமுக்கிப் பார்த்தார்.

"கட்டிதான்டி இது. பழுக்க வெச்சு ஒடச்சு வுட்டா தானா காஞ்சிரும். இதுக்குப் போயி ஆயியும் பொண்ணும் மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கீங்க" என்றார்.

முந்திரிக்கொட்டை வறுக்கும்போது ஓட்டிலிருந்து வடிகிற எண்ணெயைப் புட்டியில் பிடித்து வைப்பது நம் பக்கத்து வழக்கம். பித்தவெடிப்புக்கும் தடவுவார்கள், கரையான் அரிக்காமல் இருக்க மரத்துக்கும் தடவுவார்கள். தோலில் பட்டால் வெந்துபோகும். அதைக் குச்சியில் தொட்டு வைத்தால் கட்டி வாய் திறந்துவிடும் என்பது அத்தையின் வைத்தியம். அம்மா முதலில் தயங்கினாள். தை நெருங்குகிற பயத்தில் பிறகு அவளும் தலையாட்டினாள். நானும் முக்காலியில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துக் கொடுத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து நீங்கள் உள்ளே வந்தீர்கள். அத்தை கையில் குச்சி, பக்கத்தில் புட்டி, சாய்ந்த என் கழுத்து. புட்டி பறந்துபோய் வாசல் கல்லில் உடைந்தது.

"எம் புள்ள கழுத்துல அத வெச்ச, அக்கான்னுகூடப் பாக்க மாட்டேன்!"

"என்னடா வந்துச்சு ஒனக்கு? ஒனக்கு வெச்சதுதானடா..." என்று ஆரம்பித்த அத்தை என்னைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார்.

"எனக்கு வெச்சது போதும்" என்றீர்கள். பிறகு என் முன்னால் குந்தி உட்கார்ந்து, "பட்டுச்சா தாயி? எங்கயாச்சும் பட்டுச்சா?" என்று என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

டவுனில் முதலில் பார்த்த டாக்டர், இது நெறிக்கட்டு, டிபியாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம் என்றார். அந்த 'வேறு ஏதாவது' நமக்கு முன்னால் பஸ் ஏறிவிட்டது. செந்துறையில் அது டிபியாக இருந்தது. ஜெயங்கொண்டத்தில் கேன்சர் ஆனது. மீன்சுருட்டிக்குப் போய்ச் சேரும்போது நான் தை வரைக்கும் தாங்குவேனா என்பதே சந்தேகம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது: "ஞாயித்துக்கெழம வந்து பேசிக்கறோம்ங்க." பேசிக்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? அம்மா மூலையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். செத்துப்போய்விடுவோமோ என்று கொஞ்சம், கல்யாணம் நின்றுவிடுமே என்று நிறைய. இப்போது சொல்வதற்கு என்ன வெட்கம்.

அந்த வாரமே என்னையும் அம்மாவையும் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனீர்கள். காது மூக்கு தொண்டை பார்க்கிற டாக்டரம்மா, உள்ளே போனதும் என் கழுத்தில் கிடந்த நாடாவைப் பார்த்துச் சிரித்தார். "மொதல்ல அத எடு. தைக்கறியா? எனக்கும் ஒரு நல்ல டெய்லர் வேணும்" என்றார். அதிலேயே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. அவர் அவசரப்படவில்லை. வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்த்தார், காதைப் பார்த்தார், எச்சில் விழுங்கச் சொன்னார். வீக்கத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்ல அசைத்தார்.

"கழுத்துல வர்ற கட்டியில பல தினுசு இருக்கும்மா. நெறிக்கட்டு, டிபி, ரத்தக் கொழா ஓரமா எப்பவாச்சும் யாருக்காச்சும் வர்ற கட்டின்னு நெறைய. பொறக்கறப்பவே கூட வந்துட்டு, இவ்ளோ வயசு வரைக்கும் சும்மா கெடந்து, ஒரு சளி புடிச்சதும் தலையக் காட்டறதும் உண்டு. இருக்கற எடத்தப் பாத்தா கடைசியா சொன்னதுதான்னு எனக்குத் தோணுது. ஆனா தோணுறத வெச்சு நான் மருந்து எழுத மாட்டேன். ஸ்கேன் எடுப்போம், ஊசி வெச்சுத் தண்ணி எடுத்துப் பாப்போம்" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "குடும்பத்துல வேற யாருக்காச்சும் கழுத்துல வீக்கம், இல்ல சின்னதா ஒரு ஓட்ட, தண்ணி கசியறது, அந்த மாதிரி உண்டாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் அம்மா. கேள்வி முடிவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

நீங்கள் கதவோரம் நின்றிருந்தீர்கள். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் கதவைச் சாத்தியிருக்கலாம் அப்பா. சாத்தவில்லை. சட்டைக்குள் செருகியிருந்த முனையை வெளியே இழுத்தீர்கள். ஒரு சுற்று அவிழ்ந்தது, இன்னொரு சுற்றும் அவிழ்ந்தது. துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "எனக்கு இருக்குங்கம்மா" என்றீர்கள்.

பெற்ற அப்பாவின் கழுத்தை நான் முதன்முதலில் பார்த்தது அங்கே, அந்த டியூப்லைட் வெளிச்சத்தில். உங்கள் முகம் வெயிலில் கறுத்திருந்தது. கழுத்து வேறு யாருடையதோபோல வெளுத்திருந்தது. இடப்பக்கம், காறை எலும்புக்குக் கொஞ்சம் மேலே, ஊசி குத்தின அளவுக்கு ஒரு துளை. அதைச் சுற்றித் தோல் வெந்து சுருங்கிய தழும்பு. துளையின் வாயில் பிசுபிசுப்பாக ஒரு துளி நின்றது. கழுத்தைச் சட்டைக் காலருக்குள் இழுத்துக்கொள்ள முடியாதா என்பதுபோல உங்கள் தோள் இரண்டும் மேலே ஏறியிருந்தன. எனக்கு ஓடிவந்து உங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்து உங்கள் பக்கத்தில் வந்தார். "எத்தன வருஷமாங்க?"

"பொறந்ததுலேந்துங்க. மொதல்ல ஓட்ட மட்டுந்தான். சின்னப் புள்ளையில ஒருவாட்டி வீங்கிச்சு. முந்திரி எண்ணெய வெச்சு ஒடச்சு வுட்டாங்க. அதுலேந்து நிக்கலீங்க."

"எங்கயுமே காட்டலியா?"

அம்மாதான் தலையைக் குனிந்துகொண்டு, "கட்டிக்கிட்டு வந்தப்பவே எங்கிட்டக் காட்டிட்டாருங்க. வேற யாருகிட்டயும் சொல்லிடாதன்னு கேட்டுக்கிட்டாரு" என்றாள்.

டாக்டரம்மா எனக்குச் சொன்னதை இன்றைக்கும் என்னால் அப்படியே சொல்ல முடியும். "வயித்துல கொழந்த உருவாகறப்ப கழுத்துப் பக்கம் மடிப்பு மடிப்பா இருக்கும், நடுவுல பள்ளம் இருக்கும். மீனுக்கு அந்த எடத்துலதான் செவுளு வருது. நமக்கு அந்தப் பள்ளமெல்லாம் மூடிக்கும். எங்கயாச்சும் கொஞ்சூண்டு மூடாம நின்னுபோச்சுன்னா, வெளிய வாய் இருந்தா ஒங்கப்பாவுக்கு மாதிரி கசியும். வாய் இல்லன்னா ஒனக்கு மாதிரி உள்ளயே தண்ணி சேந்து பையாட்டம் நிக்கும். ஜாக்கெட்டுல உள்தையல் ஒரு எடத்துல வுட்டுப்போனா என்னாவும்? அதான் இது. யாரு செஞ்ச பாவமும் இல்ல, ஒட்டிக்கற வியாதியும் இல்ல. சில குடும்பத்துல அப்பாவுக்கு இருந்தா புள்ளைக்கும் வரும். ஒண்ணே ஒண்ணு, இத ஒடைக்கக் கூடாது. ஒடச்சா நிக்காம வந்துக்கிட்டே இருக்கும். பைய முழுசா எடுத்துடணும்."

"அப்ப எம் பொண்ணு உசுருக்கு ஒண்ணும் இல்லியேம்மா?" என்று கேட்டீர்கள்.

"அப்புடித்தாங்க நெனைக்கறேன். நீங்க காட்டுனதுல எனக்குப் பாதி வேல முடிஞ்சுது. டெஸ்ட்டு வரட்டும், உறுதியா சொல்லிடறேன்."

அரியலூர் பஸ்ஸில் நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்தீர்கள். துண்டு மறுபடியும் கழுத்துக்குப் போயிருந்தது. ஆனால் ஒரே ஒரு சுற்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கிட்டகூடச் சொல்லலியேப்பா" என்றேன்.

"என்னத்தச் சொல்றது? பள்ளிக்கூடத்துல பசங்க என்னயச் சொட்டுன்னுதான் கூப்புடுவானுங்க. பக்கத்துல எவனும் ஒக்கார மாட்டான். வாத்தியாரு கடைசியில தனியா ஒக்கார வெச்சாரு. அதோட பள்ளிக்கூடம் போறத நிறுத்திட்டேன். அப்பறம் அக்காவுக்கு மாப்ள பாக்கணும், தம்பிக்கு வியாதின்னு எவனும் சொல்லிடக் கூடாதுல்ல" என்றீர்கள். மக்காச்சோளக் காடுகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு நீங்களாகவே, "நீ பொறந்தன்னிக்கு மூஞ்சிய நான் பாக்கல தாயி. கழுத்தத்தான் மொதல்ல பாத்தேன். ரெண்டு பக்கமும் சுத்தமா இருந்துச்சு. அப்பாடா, எங்கிட்டேந்து ஒண்ணும் போவலன்னு நெனச்சேன். உள்ள இருந்துருக்கு" என்றீர்கள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்தேன். செந்துறை போகிற பஸ் மாறும் வரைக்கும் விடவில்லை.

டெஸ்ட் ரிசல்ட் வருவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மாவும் தாய்மாமனும் வந்தார்கள். அம்மா காப்பி கொண்டுபோய் வைத்தாள். இரண்டு பேரும் தம்ளரைத் தொடவில்லை. நான் உள்ளே கதவிடுக்கில் நின்று அந்த இரண்டு தம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். காப்பியின் மேல் ஏடு படிந்தது.

"ஒடம்பு சரியாவட்டுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல. எங்களுக்கும் நாலு எடம் பாக்கணும்னு இருக்கு" என்றார் மாமன்காரர். அம்மாவின் விசும்பல் எனக்குக் கேட்டது.

நீங்களும் அந்தத் தம்ளர்களைத்தான் பார்த்திருக்கிறீர்கள். எழுந்து நின்றீர்கள். துண்டை அவிழ்த்தீர்கள். அவிழ்த்ததோடு விடாமல் அதை இடுப்பில் சுற்றிக் கட்டினீர்கள். மாரியம்மனுக்கு முன்னால் கட்டாத இடுப்பு. எனக்காக என் அப்பா இவர்கள் முன்னால் இப்படி நிற்க வேண்டுமா, இந்தக் கல்யாணமே எனக்கு வேண்டாம் என்று கத்தத் தோன்றியது. கத்துவதற்குள் நீங்கள் பேச ஆரம்பித்துவிட்டீர்கள்.

"இத நல்லாப் பாத்துக்கங்க. எம் பொண்ணுக்கு இருக்கறது எங்கிட்டேந்து வந்தது. டாக்டரம்மா சொல்லிட்டாங்க, ஒட்டிக்கறது இல்லன்னு. பாருங்க, எம் பொண்டாட்டிக்கு ஒட்டல. நாப்பது வருஷத்துக்கு மேல இதோடதான் சோறு திங்கறேன், லாரி ஓட்டறேன். டெஸ்ட்டு ரிசல்ட்டு வந்ததும் ஒங்க கையிலயே குடுக்கறேன். வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போங்க, வருத்தம் இல்ல. ஆனா எம் பொண்ணப் பத்தி வெளியில வேற மாதிரி பேசக் கூடாது."

மாமன்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய அக்கா திருப்பவில்லை. எழுந்து உங்கள் பக்கத்தில் வந்தார். அந்தத் துளையை, தழும்பை, துளியைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"வலிக்குங்களா அண்ணே?" என்று கேட்டார்.

நீங்கள் திகைத்துப் போனீர்கள். பள்ளிக்கூடத்தில் கேலி செய்தவர்களும், எண்ணெய் வைத்தவர்களும், மைக்கில் பேசியவர்களும் உங்களிடம் கேட்காத கேள்வி அது.

"வலிக்காதுங்க. நனையும், அவ்வளவுதான்."

அவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். ஆறிப்போன காப்பியை ஏட்டோடு எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். "தை இல்லன்னா வைகாசி. புள்ளைக்கு மொதல்ல வைத்தியத்தப் பாருங்க. டேய், நீயும் குடிடா" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார். அவரைத்தான் நான் இன்றைக்கு அத்தை என்று கூப்பிடுகிறேன். சண்டை போடாமல் நாங்கள் ஒரு வாரம் இருந்ததில்லை, அது வேறு கதை. எவ்வளவு சண்டை போட்டாலும் அந்தக் காப்பி ஞாபகம் வந்தால் நான் இறங்கிவிடுவேன்.

டெஸ்ட் நல்லபடியாக வந்தது. திருச்சியில் ஆபரேஷன். பையை உடையாமல் முழுதாக எடுத்துவிட்டார்கள். அதைக் குப்பியில் போட்டு உங்களிடம் காட்டினார்களாம். மயக்கத்திலிருந்து நான் கண் திறந்தபோது நீங்கள் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தீர்கள், நர்ஸ் உங்களுக்கு விசிறிக்கொண்டிருந்தார். "ஒங்கப்பா குப்பியப் பாத்ததும் பொத்துன்னு ஒக்காந்துட்டாரு" என்று அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். லாரி டிரைவராம்!

வைகாசியில் கல்யாணம். தாரை வார்க்கும்போது துண்டு உங்கள் இடுப்பில் இருந்தது. அந்த போட்டோ, நாங்கள் பெரம்பலூரில் குடியேறிய பிறகு நான் வைத்த தையல் கடையில் மாட்டியிருக்கிறது. துண்டில்லாத கழுத்தோடு நீங்கள் எடுத்துக்கொண்ட முதல் போட்டோ. அடுத்த திருவிழாவில் மைக்கில் பெயரைக் கூப்பிட்டதும் போய் நின்றீர்களாம். வெறும் கழுத்தோடு குனிந்து விபூதி வாங்கினீர்களாம். மைக்கில் யாரும் எதுவும் பேசவில்லை என்று அம்மா சொன்னாள். நீங்களும் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று நான் எவ்வளவோ மல்லுக்கு நின்றேன். டாக்டரம்மாவிடம் போய்க் காட்டிவிட்டு மட்டும் வருவீர்கள். "பயப்புட ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. கூடவே வளந்தது, கூடவே இருந்துட்டுப் போவட்டும்" என்பீர்கள்.

அப்படியேதான் ஆயிற்று. போன ஐப்பசியில், காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து நெஞ்சு அடைக்கிறது என்றீர்களாம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நான் பெரம்பலூரிலிருந்து வந்து சேர்ந்தபோது உங்களைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். உறவுக்காரர்கள் கோடித்துணி கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். செந்துறை அத்தை ஒரு புதுத் துண்டைப் பிரித்து உங்கள் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையைச் செருகிக்கொண்டிருந்தார். "எந்தம்பி துண்டு இல்லாம எங்கயும் போவ மாட்டானே" என்று அவருக்கு அழுகை பொங்கியது. ஆசையாகத்தான் செய்தார் பாவம்.

நான் போய் அத்தையின் கையைப் பிடித்து விலக்கினேன். "வேணாம் அத்த. அப்பா அத எப்பவோ கழட்டிட்டாரு" என்றேன். சுற்றை அவிழ்த்து நெஞ்சின் மேல் மடித்து வைத்தேன். கழுத்தில் வெயில் பட்டது. பத்து வருடத்துக்கு மேல் வெயில் பட்டுப் பட்டு, முகமும் கழுத்தும் ஒரே நிறமாகியிருந்தன. துளையின் வாயில் அப்போதும் ஒரு துளி நின்றது அப்பா. நீங்கள் போய்விட்டீர்கள், அது இன்னும் போகவில்லை. என் முந்தானையால் அதை ஒற்றி எடுத்தேன். பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. கதறி அழுதேன்.

அந்தப் புடவையை அதற்குப் பிறகு நான் கட்டவில்லை. கட்டவும் மனசில்லை, யாருக்கும் கொடுக்கவும் மனசில்லை.

உங்கள் பேத்திக்கு வலப்பக்கம், காறை எலும்புக்கு மேலே உங்களுக்கு இருந்த அதே உயரத்தில் ஒரு துளை இருக்கிறதே, அதை முழுப்பரீட்சை லீவில் எடுத்துவிடலாம் என்று அதே டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அவருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. ஜாக்கெட் இப்போதும் என்னிடம்தான் தைக்கிறார். உங்கள் பேத்தி இரட்டைச் சடை போட்டுக்கொண்டு கழுத்தை ஆட்டி ஆட்டிப் பள்ளிக்கூடம் போகிறாள். பக்கத்துப் பெண் கேட்டாளாம், அது என்னடி என்று. "எங்க தாத்தா குடுத்தது" என்று சொல்லியிருக்கிறாள். ஆபரேஷனுக்கு உள்ளே போகும்போது தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு போவேன் என்று முன்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது சொல்வதில்லை. எனக்குத்தான் அந்த நாளை நினைத்தால் திக்கென்று இருக்கிறது. பரவாயில்லை, நான் பிடித்துக்கொள்கிறேன்.

நேற்று வாங்கின துண்டை அலசிக் கஞ்சி போக்கிக் காயப்போட்டேன். இன்று காலை அவளைக் குளிப்பாட்டிவிட்டு அதால்தான் தலை துவட்டினேன். கழுத்துக்கு வந்தபோது, நான் துடைத்த பிறகும் துளையில் மறுபடி ஒரு துளி வந்து நின்றது. கொஞ்சம் சிவந்தும் இருந்ததால் பயந்துபோய், "வலிக்குதா பாப்பா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. நனையுது" என்றாள்.

நீங்கள் சொன்னதை நான் இவளிடம் சொன்னதே இல்லை அப்பா. துண்டின் முனையை விரலில் சுற்றிக்கொண்டேன். அவள் தாடையைத் தூக்கிக் கழுத்தைக் காட்டினாள். நான் துடைத்துவிட்டேன்.